பேய்க்கணவாயின் மூன்று இதயங்கள்

சாத்தான்குளத்திலிருந்து வந்து தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் சங்கு குளிப்பவர். முந்தின வருஷம் கடலுக்கடியில் மூச்சுத் திணறியவரை நினைவில்லாமல்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. அக்கா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

வகுப்பில் அறுத்துக் காட்ட அக்காவிடம் ஒரு பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், கேட்டிருந்தேன். அக்கா வாளியில் உயிரோடு கொண்டுவந்த காலையில் கல்லூரிக்குத் திடீர் விடுமுறை. "வீணாக்க வேண்டாம், கொழம்பு வச்சிருவோம்" என்று குழாயடியில் அதன் கண்களுக்கு நடுவே குத்தினார். எட்டுக் கைகளும் துவண்டு, உடம்பு வெளுத்தது. நான் கத்தியை வாங்கிக் கீறினேன். ஊறி வந்த நீர் இளநீலமாக இருந்தது.

"மைப்பை ஒடைஞ்சிட்டா டீச்சர்?"

"மை கறுப்பால்லா இருக்கும். இது ரத்தம்க்கா. நம்ம ரத்தத்துல இரும்பு, இதுல செம்பு. அதான் நீலம்."

"எத்தனை சங்கு அறுத்திருக்கேன், ரத்தமே பாத்ததில்லயே."

"அதுக்கும் உண்டு. இதயத்துலருந்து கொஞ்ச தூரம் குழாயில போயி, பொறவு சதைக்கு ஊடால சும்மா பரவிரும். சிப்பிக்கும் அப்பிடித்தான். கணவாய்க்குத்தான் நம்மள மாதிரி குழாயிலயே ஓடும்."

அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார். செவுள்களின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சின்ன முடிச்சுகள் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. நடுவில் இன்னொன்று. மூன்றும் இதயங்கள். ஓரத்தில் இருப்பவை ரத்தத்தைச் செவுளுக்குத் தள்ளும். நடுவில் இருப்பது உடம்புக்கு அனுப்பும். நடு இதயம் முதலில் நின்றது. மற்ற இரண்டும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், அந்தச் செத்த உடம்புக்குள் துடித்தன. சொட்டிக்கொண்டிருந்த குழாயை அக்கா இறுக்கி அடைத்தார்.

இன்னொன்றும் நின்றது. அக்கா விரலால் அதைத் தொட்டார். அது மறுபடி துடித்தது.

"செத்த பொறவும் துடிக்குமா டீச்சர்?"

"துடிக்கும்க்கா. மூளை சொல்லணும்னு இல்ல, தன்னாலயே துடிக்கும்."

அவர் விரலை எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரில அவுக நெஞ்சும் இப்பிடித்தான் துடிச்சிச்சு. மூளை செத்துட்டுன்னு சொல்லி, மெஷினை எடுத்துரலாமான்னு டாக்டர் கேட்டாரு. சரின்னுட்டேன். கை சூடா இருந்துச்சு டீச்சர். உசிரோட இருந்தவுகளத்தான் அனுப்பிட்டேனோ?"

"இல்லக்கா. அவுக அதுக்கு முன்னாலயே போயிட்டாக."

கொஞ்ச நேரத்தில் இரண்டும் அடங்கின. குழம்பு வைக்கவில்லை. வாளியோடு கடற்கரைக்குப் போய் அதைத் தண்ணீரில் விட்டார் அக்கா.

"ஒருத்தரும் எங்கிட்ட இதச் சொல்லல" என்றார்.

அலை அதைத் திருப்பி எங்கள் காலடிக்கே கொண்டுவந்தது. கைகள் எட்டும் விரிந்து மெல்ல அசைந்தன. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அக்கா குனிந்து பார்க்கவில்லை.

"வாங்க டீச்சர், தண்ணிதான் ஆட்டுது" என்று வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்.