ஏட்டு வேடியப்பனின் நெற்றித் தையல்

"சங்கிலிய முந்தானைக்குள்ள போட்டுக்கங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக் கூட்டத்துக்குள் நுழைவார் ஏட்டு வேடியப்பன். லத்தி இருக்கும், பெரும்பாலும் முதுகு சொறியத்தான். விசில் ஊத மாட்டார். ஊதினால் சனங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மடியைத் தொட்டுப் பார்ப்பார்கள்; எது எங்கே இருக்கிறது என்று திருடனுக்கு நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பார்.

தெரிந்த ஜேப்படிக்காரனைக் கண்டால் விரட்டுவதில்லை. தோளில் கைபோட்டு டீக்கடைக்கு அழைத்துப்போய், நாலு பேர் எதிரில் நலம் விசாரிப்பார். "இன்னாப்பா பூமாலை, சேலத்துலேர்ந்து எப்ப வந்த?" பேர் தெரிந்துவிட்ட ஊரில் தொழில் நடக்காது. டீயைக் குடித்துவிட்டுப் பூமாலை அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான்.

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். சங்கராபுரம் சாலையில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பஸ் மாட்டிக்கொண்டது. காவலுக்குப் போன வேடியப்பன், பெண்களைக் கைகொடுத்து மரம் தாண்டவைத்துக்கொண்டிருந்தார். ஒரு கைக்குழந்தையை வாங்கித் தாயிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது நெற்றியில் கல் விழுந்தது. மூக்குக்கண்ணாடிக்குச் சேதமில்லை; எறிந்தவனைத் தெளிவாகப் பார்த்துவிட்டார். மீசை அரும்பிய முகம். வீசிய கையை இறக்கக்கூடத் தோன்றாமல், அவரைவிட அதிகமாக மிரண்டுபோய் நின்றிருந்தான்.

தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மனைவி பாப்பாத்தி அழுதாள். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும், அவனைச் சும்மா விடக்கூடாது என்றாள். வேடியப்பனுக்கும் ஆத்திரம்தான். வலி குத்தும்போதெல்லாம் அவனை வாய் நிறையத் திட்டினார். பிறகு பாயில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"வேலைல பங்கு வேணும்னுதான் ரோட்டுக்கு வந்துக்கிறான். கேஸு ஒன்னு வுழுந்துச்சின்னா, நாளைக்கு இவங்க கேட்டது கெடச்சாக்கூட அவனுக்கு வேல இல்லடி."

"ஒங்க மண்ட ஒடஞ்சதுக்கு யாருங்க பதில் சொல்றது?"



மறுநாள் ஸ்டேஷன் முற்றத்தில், மறியலில் பிடித்தவர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கல்லெறிந்தவன் மட்டும் ஜெயிலுக்கு. மற்றவர்களைச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். ஆளைக் காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

அவன் மூன்றாவதாக நின்றிருந்தான். உதடு காய்ந்து, பார்வை தரையில்.

வேடியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடித்துச் சட்டைப்பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினார். பிறகு முதல் ஆளிடம் போய், முகத்துக்கு அருகே முகம் வைத்து, நிதானமாகப் பார்க்கத் தொடங்கினார்.