பழைய முயலின் கடைசிச் சொட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சொட்டக்கா' என்று பெயர். பதினோரு வருடமாகச் செல்களுக்குச் சாயமேற்றுகிறவள். முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியில் ஒரு துளி சிந்தவிடமாட்டாள். செல்லின்மேல் தேடுகிற ஏற்பி என்கிற புரதம் இருந்தால் அது போய் ஒட்டிக்கொள்ளும்; மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக மினுங்கும். வீட்டிலும் அதே கைதான். "எண்ணெயை ஊத்துறியா, சட்டிக்குக் காட்டுறியா?" என்பார் கணவர்.

அந்தச் சிக்கனம்தான் இப்போது அவளை மாட்டிவிட்டிருந்தது.

பழைய குப்பி தீரப்போகிறதென்று புதிது வந்திருந்தது. அதே நிறுவனம்தான், ஆனால் வேறு முயல். ஒவ்வொரு முயலின் இரத்தத்திலும் ஆன்டிபாடிக் கலவை வேறு. பழையதில் பச்சையாக மினுங்கிய அதே செல்கள், புதியதை ஊற்றினால் இருண்டே கிடந்தன. இரண்டு முயல்களில் ஒன்று பொய் சொல்கிறது.

ஏற்பியே இல்லாத செல்களையும் ஒவ்வொரு முறையும் சோதித்திருக்க வேண்டும்; அவையும் மினுங்கினால் ஆன்டிபாடி கண்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று அர்த்தம். 'ஒண்ணும் தெரியப்போகாத கண்ணாடிச் சில்லுக்கு எதுக்கு வீணா?' என்று தவிர்த்தவள் அவள்தான். அக்கா சொன்னால் சரி என்று ஆராய்ச்சி மாணவியும் விட்டுவிட்டாள். இரண்டு வருடப் படங்கள், எல்லாம் பழைய முயலை நம்பி எடுத்தவை. அவற்றை வைத்து மாணவி எழுதிய ஆய்வேடு திங்கட்கிழமை போகவேண்டும்.

பழைய குப்பியின் அடியில் ஒரு சொட்டு இருந்தது. ஒரே ஒரு கண்ணாடிக்குக் காணும். ஏற்பி இல்லாத செல்கள்மேல் அதை விட்டாள். 

"என்னக்கா, முகமே சரியில்ல? மாமாவோட சண்டையா?" மாணவி சிரித்தாள்.

"அவரோட சண்டை போட்டா நான் ஏன்டி பயப்படணும்? பழைய முயலைச் சோதிக்கிறேன். ஏற்பி இல்லாத செல்லுல."

மாணவியின் சிரிப்பு பாதியில் நின்றது. "மினுங்கிச்சுன்னா?"



சொட்டக்கா இரண்டு மணி நேரம், கழுவின குழாய்களையே திரும்பக் கழுவினாள். பிறகு இருட்டறைக்குள் போய்க் கண்ணை மைக்ரோஸ்கோப் குழலில் வைத்தாள். ஒரே கறுப்பு. அப்பாடா என்று மூச்சு விட்டபின்தான் விளக்கின் மூடியைத் திறக்கவில்லையென்று உறைத்தது.

திறந்தாள். செல்லுக்குச் செல், விளிம்பெல்லாம் பச்சை.

படத்தில் போட்டால் எவ்வளவு அழகாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி நினைத்ததற்காகவே அழுகை வந்தது.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் நின்றது.

"அக்கா? இருட்டாத்தானே இருக்கு?"

கண்ணாடியை எடுத்து ஒளித்துவிட ஒரு நொடி போதும். கை அதன் பக்கம் போகவும் செய்தது.

"உள்ள வா. நாற்காலியில உட்காரு முதல்ல," என்றாள். "உட்கார்ந்துட்டுப் பாரு."