மூன்றாவது ஷாக் அப்சர்பர்

புதுச்சேரி கடற்கரையில் சவாரி விட்டுக்கொண்டிருந்தவரிடம் ஒரு பழைய குவாட் பைக்கை வாங்கி, விழுப்புரம் பக்கம் காணை கிராமத்தில் உள்ள எங்கள் நிலத்துக்குக் கொண்டுவந்தேன். மணலில் பறப்பதற்கென்றே செய்த நாலு சக்கர வண்டி. பின்பக்க ஷாக் அப்சர்பரில் எண்ணெய் ஒழுகியது. கம்பெனியில் இப்போது அது வருவதில்லை என்றார்கள். வேறு மாற்றுவதற்காக விழுப்புரத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒவ்வொன்றையும் தரையில் நிறுத்தி, இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன். முதல் இரண்டும் அமுங்கின. மூன்றாவது அசையவே இல்லை. அதுதான் கெட்டி என்று எடுத்துக்கொண்டேன்.

"உங்க வெயிட்டு எவ்ளோங்க?" என்று கேட்டார்.

"வண்டிக்குத்தான் வாங்கறேன், எனக்கில்ல" என்றேன் வெடுக்கென்று.

வரப்போரம் ஓட்டியபோது ஒவ்வொரு மண்கட்டியும் என் இடுப்பில் வந்து இடித்தது. மறுநாள் நிமிர முடியவில்லை. சாய்ந்தபடியே கடைக்குப் போய் நின்றேன்.

"அது லோடு ஏத்தற ஸ்பிரிங்குங்க. நீங்க ஒல்லியா இருக்கீங்க, எப்பிடி அமுங்கும்? மாத்திக்கினு போங்க" என்றார்.

என் வாயால் தப்பை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி, பின்னால் இரண்டு மல்லாட்டை மூட்டைகளை, அதாவது நிலக்கடலை மூட்டைகளை, கட்டி ஓட்டினேன். வண்டி அலுங்காமல் போனது.

அதிலிருந்து டீ குடிக்கப் போனாலும் அந்த மூட்டைகள் கூடவே வந்தன.

"என்னா, மார்க்கெட்டுக்கா?" என்று வழியில் கேட்பார்கள்.

"ஆமாங்க" என்பேன்.