புள்ளி விழாத ஐம்பத்து நான்கு

சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், "உங்க கை குட்டையா இருக்குக்கா, இன்னும் ரெண்டு பூ விட்டு வெட்டுங்க" என்று வம்பு பண்ணிக்கொண்டிருந்தேன். புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"சுகர் அஞ்சு புள்ளி நாலு லா! சூப்பர். இன்சுலின் போட்டுட்டேன். நீ தோசை வாங்கிட்டு மெதுவா வா."

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மனுஷர் அதோடு விட்டாரா? "புள்ளிதான் சரியா விழல" என்றார்.

"எந்த மெஷின்ல பாத்தீங்க?"

"தம்பி திருச்சியிலேருந்து வந்தப்ப விட்டுட்டுப் போனானே, அது. நம்மளதுல ஸ்ட்ரிப் தீந்துபோச்சு."

ஐயோ, பாவி மனுஷா! இங்கே ஆஸ்பத்திரியில் சர்க்கரையை ஐந்து, ஆறு என்று சொல்வார்கள். ஊரில் அதையே நூறு, நூற்றுப் பத்து என்பார்கள். அளக்கிற கணக்கே வேறு. ஊர் மெஷினில் ஐம்பத்து நான்கு என்றால் ஆள் மயங்கி விழுகிற அளவு. இவராகவே நடுவில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இன்சுலினையும் ஏற்றிவிட்டு, தோசைக்குக் காத்திருக்கிறார்.

"சீனிய அள்ளி வாயில போடுங்க! இப்பவே!" நடுரோட்டில் கத்தினேன்.

"சீனியா... எனக்கா..." நாக்குக் குழறியது. போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, எங்கள் சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டு மலாய் அக்காவுக்குப் போன் அடித்தேன். "கூலா! கூலா!" என்றேன். சீனிக்கான அந்த ஒரு மலாய்ச் சொல்தான் வாயில் வந்தது. டாக்சியில் முருகனைக் கும்பிட்டேன், திட்டினேன், மறுபடியும் கும்பிட்டேன். முழத்தில் இரண்டு பூ குறைந்தால் சண்டை போட்டாவது வாங்கிவிடலாம். இவரை யாரிடம் போய்க் கேட்பேன்? எனக்கென்று இருப்பது இந்த ஒரு ஆள்தான்.

வீட்டுக்குள் ஓடினேன். சோபாவில் சாய்ந்து கிடந்தார். சட்டையெல்லாம் சீனித் தண்ணீர். மலாய் அக்கா அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர் தன் மெஷினில் மறுபடி பார்த்துவிட்டு, "ஃபைவ் பாயிண்ட் ஃபோர். ஓகே" என்றார்.

என் வீட்டுக்காரர் மெல்லக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, அஞ்சு புள்ளி நாலுன்னு."

அறைய ஓங்கிய கையோடு அவர் மடியில் விழுந்து ஓவென்று அழுதேன்.