ஒரு வாய் தண்ணீர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் திரேஸ்புரத்தில் காலரா புகுந்தது. முனிசிபாலிட்டி ஆள் ஒருவன் தெருத்தெருவாகத் தமுக்கடித்து வந்தான். "வாந்திபேதி கண்டவங்கள மறைச்சா அபராதம்! ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குக் கொண்டாரணும்!" அவ்வளவுதான் அவன் சொன்னது.

தோணியில் சுமை ஏற்றப் போன என் புருஷன், மறுநாள் உச்சிவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமியார் உடனே கதவைச் சாத்திவிட்டாள். உப்பளத்துக்கு அப்பால் இருந்த அந்தக் கொட்டகைக்குப் போனவர்கள் யாரும் நடந்து திரும்பியதில்லை. அவள் பயந்ததில் என்ன தப்பு?

பேதி நிற்க வேண்டுமென்றால் வயிற்றுக்குள் ஒன்றும் இறங்கக் கூடாது. அதுதான் எங்கள் பக்கத்து வைத்தியம். மாமியார் தண்ணீர்ப் பானையை அடுக்களைக்குள் தூக்கிக்கொண்டுபோய் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏளா, ஒரு வாய் தண்ணி தா" என்று அவர் என்னைக் கெஞ்சினார்.

நான் எழுந்தேன். "குடுத்தேன்னா எம்மவன் செத்துருவாம்ளா!" என்று மாமியார் அலறினாள். மகனுக்குக் கொடுக்காத தண்ணீரைத் தானும் தொடாமல், ஜெபமாலையை உருட்டியபடி அழுதுகொண்டிருந்தாள். அப்படிப்பட்டவளை நான் எப்படித் திட்டுவேன்?

சாயங்காலம் அவருக்குக் குரல் போய்விட்டது, கண் குழி விழுந்தது. "ஆனது ஆகட்டும் மாமி" என்று நான்தான் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். தோணிப் பாய்த்துணியில் கிடத்தித் தூக்கிப் போனோம்.

கொட்டகையில் ஒரே ஒரு டாக்டர். ஊசிவழி ஏற்றும் உப்புத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று, மேலதிகாரிகளுக்கு எழுதிப்போட்டிருக்கிறது என்றார். சுற்றிலும் உப்பளம்! நாடியைப் பிடித்தபடியே டாக்டர் கேட்டார்: "தண்ணி நெறைய குடுத்தீங்களா?"

மாமியார் நம்பிக்கையோடு கும்பிட்டாள். "மாதா சத்தியமா ஒரு சொட்டு குடுக்கலய்யா. எவ்வளவோ கெஞ்சுனான், நான் குடுக்கல."

"ஐயோ, தண்ணி வத்தித்தாம்மா போயிட்டிருக்கான்! குடுங்க, குடுங்க" என்று டாக்டர் டம்ளரை நீட்டினார். மாமியார் ஊற்றினாள். தண்ணீர் அவருடைய கடைவாய் வழியே வழிந்தது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அவரை அடக்கம் செய்த மறு வாரம் அதே தமுக்கு எங்கள் தெருவுக்கு வந்தது. அதே அபராதம், அதே கொட்டகை. மாமியார் இறங்கி ஓடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி குடுக்கச் சொல்லுலே! அதச் சொல்லுலே, பாவி!"

"எனக்குச் சொல்லிவிட்டதத்தான் நான் சொல்ல முடியும், ஆத்தா" என்று கையை விடுவித்துக்கொண்டு அவன் அடுத்த தெருவுக்குப் போனான்.