படுக்க விடக்கூடாத குதிரை

ஒஸ்லோவுக்கு வடக்கே, காட்டு முகாமில் விடிந்திருக்கிறது. எங்கள் சவாரிக் குழுவின் மற்றக் குதிரைகள் புல் தின்கின்றன. என் மகள் மீரா ஏறி வந்த குதிரை மட்டும் தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. வயிற்றுவலியாம். மிருக வைத்தியர் வர இரண்டு மணித்தியாலமாகும்.

யாராவது ஏதும் தின்னக் கொடுத்தீர்களா என்று குழுத் தலைவி நோர்வேஜிய மொழியில் கேட்கிறாள்.

"அம்மா, பாண் குடுத்ததைச் சொல்லுங்கோ," என்கிறாள் மீரா.

சொல்கிறேன். நேற்று மாலை, பேக்கரியில் வாங்கி வந்திருந்த ஒரு முழுப் பாண் கொடுத்தேன். போதாதோ என்று யோசித்து, இன்னொன்றும் கொடுத்தேன்.

தலைவி திட்டவில்லை. கயிற்றை என் கையில் தருகிறாள். "நடத்துங்கோ. படுக்க விடாதேங்கோ. படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிப்போடும்."

முகாமைச் சுற்றி நடத்துகிறேன். மறுபக்கம் வரும் மீரா குதிரையோடு மட்டும் கதைக்கிறாள். மூன்றாம் சுற்றில் கயிறு கனக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். அதன் முன்னங்கால்கள் மடிகின்றன.