லிஃப்ட்காரர் நடந்து முடித்த ஆறு

என் கணவரின் தம்பி வாழ்நாளில் பாதியை ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடி ஒன்பது மாடி ஏறி இறங்கியே கழித்தவர். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுவது அவர் வேலை. அந்த லிஃப்டின் மந்தத்தை நான் கூட்டிச் சொல்வதாக வீட்டில் புகார் உண்டு. கீழே மீசை முளைக்காமல் ஏறியவன் மேலே தாடியோடு இறங்கியதை நான் கண்ணாலேயே பார்த்தேன். நம்பாதவர்கள் படியேறிப் போகட்டும்.

பிறகு, பொத்தானை அமுக்கினால் தானே ஓடும் லிஃப்ட் வந்தது. முக்காலியையும் அவரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். அவர்களுடையது இரண்டு அறை வீடு, எங்கள் வீட்டுக்கு நேர் மேலே. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள்தான் தெரியும். அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். மனைவி பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். இருவருக்கும் பேச்சு தேய்ந்து தேய்ந்து வெறும் ‘ம்’ மட்டும் மிஞ்சியது. சில நாள் அதற்கும் பஞ்சம்.

ஒருநாள் கேன்வாஸ் பையோடு வந்து நின்றார். “ஆத்தங்கரையோட நடந்து, அது ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் போகப்போறேன் அண்ணி. இத்தனை வருஷம் மேலயும் கீழயும் போயாச்சு. ஒரு தடவை நேராப் போய்ப் பாக்குறேன்.”

பின்னாலேயே அவர் மனைவியின் குரல் வந்தது. “தாராளமா போகட்டும் அக்கா. எங்க வீட்டுச் சுவருக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்.”

போனவர் வாரக்கணக்கில் நடந்தார். பம்ப்செட் அறையில் படுத்தார், மழையில் ஊறினார், மாடு துரத்தி ஓடினார். அவர் சொன்னது ஒரு மாடு. நான் மந்தையாக்கி வைத்திருக்கிறேன். வழியில் கைப்பேசி ஆற்றில் விழுந்துவிட்டது. அதன்பின் கண்டவர்களிடம் ஃபோன் இரவல் வாங்கித்தான் பேசினார். அப்படிப் பேசிய ஒருநாள், பயணம் முடிகிற இடத்துக்கு அருகில் ஒரு தோட்டக்காரர் தன்னைக் காவலுக்கு இருக்கச் சொல்கிறார், தனி அறையும் தருகிறாராம் என்று கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டார்.

அதைக் கேட்ட அவர் மனைவிக்குச் சுருக்கென்றது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளோ வெகுநாளாகவே, தன் ஊருக்கு வந்துவிடும்படி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “இங்க பாருங்க,” என்றாள் இவள். “அங்கயே இருக்கப்போறீங்களா, வீட்டுக்கு வரீங்களா? நடந்து முடிச்ச அன்னிக்குச் சொல்லிடுங்க. வரீங்கன்னா நான் இருக்கேன். இல்லைன்னா மககூடக் கிளம்பிடுவேன். ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரா.”

ஆறு பிறக்கிற இடத்தை அவர் எப்படியெல்லாமோ நினைத்து வைத்திருந்தார். அங்கே இருந்தது ஒரு பாறை, அடியில் சொதசொதவென்று ஈரம், ‘துணி துவைக்காதீர்’ என்று ஒரு தகரப் பலகை. ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர். கொஞ்ச நேரம் நின்றாராம். இதைச் சொல்லச் சுவரைத் தவிர ஆள் வேண்டும் என்று தோன்றியதாம். உடனே தோட்டக்காரர் வீட்டுக்கு இறங்கி ஃபோன் வாங்கினார்.

அது சனிக்கிழமை; நான் அவர் மனைவி பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“முடிஞ்சிருச்சு,” என்றார்.

“சரி. இப்ப எங்க இருக்கீங்க?”

“தோட்டக்காரர் வீட்லதான். நல்லாக் கவனிச்சுக்கிறாங்க. அவர் ஃபோன்தான் இது, அதிகம் பேசக் கூடாது. அப்ப வரேன்.”

வைத்துவிட்டார்.

உலகத்தில் எல்லோரும் ஃபோனில் ‘வைக்கிறேன்’ என்பார்கள். இவர் மட்டும் ‘வரேன்’ என்றுதான் முடிப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டரிடமே ‘வரேன்’ என்று சொல்லி, ‘தயவுசெஞ்சு வராதீங்க’ என்று பதில் வாங்கிக்கொண்டு வந்தவர்.

“வரேன்னுதானே சொன்னார்?” என்றேன்.

“அவர் எப்ப அக்கா வரேன்னு சொல்லாம ஃபோனை வெச்சிருக்கார்?”

“ரெண்டு நாள் இருந்துதான் பாரேன்.”

“இருந்து இருந்துதானே பாத்தேன்,” என்று ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். தெரு முனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் அந்நேரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வாரக்கணக்கில் நடந்த பாதையைப் பஸ் அரை நாளில் விழுங்கிவிட்டது. கால் கொப்புளித்துக் கடந்த பாலம் ஒரு குலுக்கலில் போய்விட்டது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கினார். பாறையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கென்றே வைத்திருந்தார்.

திங்கள் காலை என் கதவைத் தட்டினார். பாதங்களைச் சுற்றி நைந்த துணி. “மேல பூட்டியிருக்கு அண்ணி. கடைக்குப் போயிருக்காளா?”

எதையும் பெரிதாக்கிச் சொல்லும் எனக்கு அன்று உள்ளதைச் சொல்லவே நாக்கு எழவில்லை. சாவியை நீட்டினேன். அவருக்குப் புரிந்தது. மாடிக்குக் கூடவே போய் என் ஃபோனில் மகள் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன். எடுத்தது மனைவிதான்.

“வரேன்னு சொன்னேனேம்மா.”

“அது எல்லார்கிட்டயும் சொல்ற வரேன்தானே?” அழுதாளா என்று குரலில் தெரியவில்லை.

“இல்ல. நிஜமாவே வரேன்னுதான். வந்துட்டேன். நீ கிளம்பி வா.”

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், குழந்தையின் சிரிப்பு. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். “இங்க சாயங்காலமானா பேச ஆள் இருக்குங்க. நீங்க வாங்களேன். ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க.”

விருந்தாளியிடம் சொல்கிற சொல். சொன்ன பிறகு அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். இவர் ‘ம்’ என்றார். பாறை, ஈரம், தகரப் பலகை, ஒன்றையும் சொல்லவில்லை. ‘வரேன்’ என்றும் சொல்லாமல் ஃபோனை என்னிடம் கொடுத்தார்.

சமையலறைக்குப் போனார். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்க வேண்டும்.

“உப்பு எங்க வெச்சிருப்பா அண்ணி?”

எனக்குத் தெரியாது. அலமாரி முழுக்க ஒரே அச்சில் டப்பாக்கள். ஒன்றைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், சர்க்கரை. இன்னொன்று சலவைச் சோடா, துப்பினார்.

“அவகிட்டயே கேட்டுடலாமே,” என்று ஃபோனைக் காட்டினேன்.

வேண்டாமென்று தலையாட்டிவிட்டு அடுத்த டப்பாவைத் திறந்தார்.